குழாயும் தையலும்: பழவேற்காட்டு ஏரிக்கரையின் இரண்டு எஃகுகள்

பழவேற்காட்டைப் பற்றி எழுதப் புகும்போதெல்லாம் நம்மவர்களின் பேனாவில் பூநாரைகளும் டச்சுக் கல்லறைகளும் தாமாகவே வந்து இறங்கிவிடுகின்றன. இரண்டும் அங்கே உள்ளவைதான், எழுதப்பட வேண்டியவையும்தான். ஆயினும் கடந்த அரை நூற்றாண்டில் இந்த ஏரியின் தலைவிதியை எழுதிய பொருள்களுள் ஒன்றைக் குறித்து இலக்கியப் பக்கங்களில் ஏறக்குறைய எதுவுமே எழுதப்படவில்லை. அது எஃகுக் குழாய்.

ஏரியின் முகத்துவாரத்துக்கு வடக்கே, ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையில் கிடக்கும் நீண்ட மணல் தீவு ஸ்ரீஹரிகோட்டா. அங்கே ஆள் நின்று நடக்கக்கூடிய விட்டமுள்ள எஃகுக் குழாய்கள் வந்து சேர்கின்றன. எரிபொருள் நிரப்பப்பட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. வானில் எழுந்து, இரண்டு நிமிடத்துக்குள் எரிந்து முடிந்து கடலில் விழுகின்றன. முகத்துவாரத்துக்குத் தெற்கே, பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவே இருப்பது காட்டுப்பள்ளி. அங்குள்ள லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத்தின் கட்டுமானத் தளத்தில், கடலடி எண்ணெய்க் கிணறுகளின் மேடைகளைத் தாங்கும் குழாய்ச் சட்டகங்கள் உருவாகின்றன. அவை பல பத்தாண்டுகள் உப்புநீரில் அசையாமல் நிற்க வேண்டியவை. இரண்டும் எஃகு, இரண்டும் உருளை, இரண்டும் பற்றவைக்கப்பட்டவை. ஆனால் ஒன்றுக்கு ஏற்ற எஃகு மற்றதற்கு ஆகாது; ஒன்றுக்கு உகந்த பற்றவைப்பு முறை மற்றதில் பிழையாகிவிடும். ஏன் என்று கேட்டுக்கொண்டு போனால், அந்தக் கேள்வி உலோகவியலில் தொடங்கி, நடுவில் கிடக்கும் மீனவக் குப்பங்களில் வந்து நிற்கிறது.

1

இந்தக் கரைக்கு இணைப்பின் கலை புதிதன்று. துறைமுகம் இல்லாத சோழமண்டலக் கரையில் அலைகளைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கியது மசூலா படகு. அதன் பலகைகளில் ஆணி இராது. விளிம்புகளில் துளையிட்டு, இடைவெளியில் புல்லை வைத்துத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஐரோப்பியர்களின் ஆணியடித்த படகுகள் கரையலையில் மோதிப் பிளந்தபோது, தைத்த படகு நெளிந்து கொடுத்துக் கரையேறியது. கட்டுமரமும் அவ்வாறே: மரங்கள் பிணைக்கப்பட்டவை, பூட்டப்பட்டவை அல்ல.

இந்தத் தொழில்நுட்பத்தின் அறிவு பலகையில் இல்லை, தையலில் இருக்கிறது. எந்தப் பொருளும் முறிவதென்றால் பெரும்பாலும் இணைப்பில்தான் முறியும் என்பதையும், இணைப்புக்கு விறைப்பைவிட விட்டுக்கொடுக்கும் குணம் முக்கியம் என்பதையும் படகு தைத்தவர்கள் அறிந்திருந்தனர். இரும்பைப் பற்றவைத்தவர்கள் இருபதாம் நூற்றாண்டில் பெரும் விலை கொடுத்துக் கற்றதும் இதையேதான். இந்தக் கரையில் இன்று மசூலா இல்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கண்ணாடி இழைப் படகுகள் எங்கும் பரவிவிட்டன. ஆனால் தையல் எழுப்பிய கேள்வி ஏரியின் இரு முனைகளிலும் எஃகு வடிவில் உயிரோடு இருக்கிறது.

2

ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏவுதளத்துக்கென 1969இல் தேர்வு செய்யப்பட்டது. அங்கே வாழ்ந்த யானாதிப் பழங்குடியினர் உள்ளிட்ட குடிகள் பலர் இடம்பெயர்க்கப்பட்டனர். 1971 அக்டோபரில் முதல் ரோகிணி ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. வரலாற்றில் ஒரு விநோதம்: 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள் அதே நூற்றாண்டில் பழவேற்காட்டில் வெடிமருந்துச் சாலை ஒன்றை நடத்தி, கீழைத் தீவுகளில் இருந்த தங்கள் கோட்டைகளுக்கும் கப்பல்களுக்கும் மருந்து அனுப்பினர். முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஏரியின் மறுகரையில் திட எரிபொருள் ஆலை எழுந்தது.

திட எரிபொருள் ராக்கெட்டின் உறை என்பது அடிப்படையில் இரு முனையும் மூடிய ஒரு குழாய். உள்ளே எரிபொருள் எரியும்போது எழும் வாயுவின் அழுத்தத்தை அது தாங்க வேண்டும்; அதே வேளையில் எடை குறைவாகவும் இருக்க வேண்டும். உறையில் கூடும் ஒவ்வொரு கிலோவும் மேலே போகும் செயற்கைக்கோளிலிருந்து கழிக்கப்படுவது போன்றதே.

1980 ஜூலை 18 அன்று வென்ற எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் முதல் நிலை உறை ஒரு மீட்டர் விட்டம் கொண்டது. அதற்கு 15 சி.டி.வி.6 என்ற எஃகு பயன்பட்டது. பெயரிலிருந்தே அது பிரெஞ்சு மரபில் வந்தது என்பதை அறியலாம்: குரோமியம், மாலிப்டினம், வனேடியம் சேர்ந்த, நூற்றுக்கு 0.15 அளவே கரிமம் கொண்ட எஃகு. கரிமம் குறைவு என்பதால் பற்றவைக்கும் இடம் எளிதில் உடையும் தன்மை பெறுவதில்லை. தொடக்கக் கால இந்திய ராக்கெட் தொழிலுக்கு இது மிகப் பொருத்தமான தேர்வு. வலிமை ஓரளவு, இணக்கம் மிகுதி.

பி.எஸ்.எல்.வி.யின் முதல் நிலையோ 2.8 மீட்டர் விட்டமும் ஏறத்தாழ 20 மீட்டர் நீளமும் கொண்டது. ஐந்து துண்டங்களாகச் செய்து இணைக்கப்படுவது. விட்டம் பெருத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பள்ளிக் கணக்கே போதும். குழாய்ச் சுவரின் இழுவிசை என்பது உள்ளழுத்தத்தை ஆரத்தால் பெருக்கிச் சுவரின் தடிமனால் வகுத்தால் வருவது. அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் சுமார் 60 மடங்கு, ஆரம் 1,400 மில்லிமீட்டர், சுவர் சுமார் 8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், எஃகின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் நூறு கிலோவுக்கு மேற்பட்ட எடை தொங்குவதற்கு ஒப்பான விசை. பழைய எஃகின் தாங்கும் எல்லை இதைவிடக் குறைவு. சுவரைத் தடிமனாக்கலாம், ஆனால் ராக்கெட் கனத்துவிடும். ஆகவே எஃகையே மாற்ற வேண்டியதாயிற்று.

தேர்ந்தெடுக்கப்பட்டது மராஜிங் எஃகு. அதன் 250 என்ற வகை. எண்ணின் பொருள், சதுர அங்குலத்துக்குச் சுமார் 2,50,000 பவுண்டு விசைவரை அது நிரந்தரமாக நீளாது என்பது. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் உருவான இந்த எஃகில் கரிமம் ஏறக்குறைய இல்லை. நூற்றுக்கு 18 பங்கு நிக்கல், 8 பங்கு கோபால்ட், 5 பங்கு மாலிப்டினம், சிறிதளவு டைட்டானியம். இதன் சிறப்பு வலிமையில் மட்டும் இல்லை, வலிமை வந்து சேரும் வரிசையில் இருக்கிறது. வழக்கமான வன்மையான எஃகைச் செந்தழலாகக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்துத்தான் கடினமாக்க வேண்டும். அகன்ற, மெல்லிய குழாய் அந்த அதிர்ச்சியில் கோணிப்போகும். மராஜிங் எஃகோ முதலில் ஒப்பளவில் மென்மையாக இருக்கிறது. அந்த நிலையில் வளைக்கலாம், கடையலாம், பற்றவைக்கலாம். எல்லாம் முடிந்தபின் ஏறத்தாழ 480 பாகை வெப்பத்தில் உலையில் சில மணிநேரம் வைத்தால், நுண்ணிய படிவுகள் உள்ளே தோன்றி அது தன் முழு வலிமையை அடைகிறது. வடிவம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. குயவர் பச்சைமண்ணில் வனைந்து பிறகு சூளையில் இடுவதைப் போன்ற வரிசை இது.

ஐதராபாத்தில் 1973இல் நிறுவப்பட்ட மிதானி இந்த எஃகை உள்நாட்டில் உருக்கித் தந்தது. வால்சந்த்நகர், லார்சன் அண்ட் டூப்ரோ ஆகிய தொழிற்சாலைகள் உறைகளைச் செய்தன. அணு எரிபொருளைச் செறிவூட்டும் எந்திரங்களிலும் பயன்படக்கூடியது என்பதால் மராஜிங் எஃகு பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள். உள்நாட்டில் செய்வது பெருமைக்காக மட்டுமன்று, வேறு வழி இல்லாததாலும்தான்.

இனிப் பற்றவைப்பு. இங்கேதான் அமெரிக்காவில் நடந்த ஒரு முறிவை நினைவுகூர வேண்டியிருக்கிறது. 1960களில் நாசா 260 அங்குல விட்டமுள்ள, அதாவது 6.6 மீட்டர் அகலமுள்ள திட எரிபொருள் ராக்கெட்டைச் செய்து பார்க்க முனைந்தது. தயோகால் நிறுவனத்துக்கான உறையை ஒரு கப்பல் கட்டும் தளம் செய்தது. எஃகு அதே 250 வகை மராஜிங். பற்றவைப்போ கப்பல்காரர்களுக்குக் கைவந்த மூழ்கு வில் முறை: தூளின் அடியில் மின்வில் எரிய, தடித்த கம்பி உருகி மளமளவென்று நிரம்பும் விரைவான முறை. 1965 ஏப்ரல் 11 அன்று தண்ணீரை நிரப்பி அழுத்தம் ஏற்றிச் சோதித்தபோது, தாங்க வேண்டிய அழுத்தத்தின் பாதியைச் சற்றே தாண்டியதும் உறை வெடித்துச் சிதறியது. ஆராய்ந்தபோது, பற்றவைப்பில் முன்பு ஒட்டுப்போட்டுச் சரிசெய்த இடத்தில், ஆய்வுகளின் கண்ணில் படாமல் கிடந்த சிறு பிளவொன்றிலிருந்து முறிவு தொடங்கியிருந்தது. அதே திட்டத்தில் ஏரோஜெட் நிறுவனத்துக்கான உறையில் சற்றே வலிமை குறைந்த மராஜிங் எஃகையும், மந்த வாயுக் காப்பில் டங்ஸ்டன் முனையால் மெதுவாகப் பற்றவைக்கும் டிக் முறையையும் கையாண்டனர். அது சோதனையைத் தாங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் வெற்றிகரமாக எரித்தும் பார்க்கப்பட்டது.

இந்த நிகழ்ச்சி கற்பிப்பது ஒரு நுட்பமான வேறுபாட்டை. வலிமை என்பது எவ்வளவு விசையைத் தாங்கும் என்பது. திண்மை அல்லது முறிவெதிர்ப்பு என்பது, உள்ளே ஒரு கீறல் இருந்தும் எவ்வளவு தாங்கும் என்பது. பெரும்பாலும் முதலாவது கூடினால் இரண்டாவது குறையும். கீறலே இல்லாத பற்றவைப்பு என்று ஒன்று உலகில் இல்லை. ஆகவே எஃகைத் தேர்வது என்பது எந்த அளவுக் கீறலோடு நம்மால் வாழ முடியும் என்று தேர்வதுதான்.

பி.எஸ்.எல்.வி. உறைகள் டிக் முறையில், மெல்லிய அடுக்குகளாகப் பற்றவைக்கப்படுகின்றன. எக்ஸ் கதிர், மீயொலி, சாயம் என்று பலவகையில் தையல் துழாவப்படுகிறது. பின் நீரழுத்தச் சோதனை. அப்போது எஃகின் உள்ளே கீறல் நகர்ந்தால் எழும் நுண்ணொலியைக் கேட்பதற்கென உணர்கருவிகள் ஒட்டப்படுகின்றன. 1993 செப்டம்பர் 20இல் முதல் பி.எஸ்.எல்.வி. தோற்றபோதும் முதல் நிலை தன் வேலையைச் செய்து முடித்திருந்தது. பிழை மேலே வேறிடத்தில். 1994 அக்டோபர் 15இல் வெற்றி வந்தது. 2008இல் சந்திரயானையும் 2013இல் மங்கள்யானையும் தரையிலிருந்து தூக்கியது இதே தையல்தான்.

3

தெற்கே காட்டுப்பள்ளிக்கு வருவோம். கடல் எண்ணெய் மேடையின் கால்களாக நிற்கும் சட்டகத்தைத் தொழிலில் ஜாக்கெட் என்பார்கள். பெரிய குழாய்கள் கால்களாக நிற்க, சிறிய குழாய்கள் குறுக்கும் சாய்வுமாக வந்து அவற்றில் முட்டும். இங்கே எடை ஒரு பெரும் பகையன்று. பகை வேறு: அலை. ஓர் ஆண்டில் பல லட்சம் முறை அது சட்டகத்தை அசைக்கிறது. ஒவ்வோர் அசைவும் சிறிது. ஆனால் இருபத்தைந்து ஆண்டுகளுக்குக் கணக்குப் பார்த்தால் கோடிகளைத் தாண்டும்.

இந்த அயர்ச்சிக்கு முன்னால் மராஜிங் எஃகின் பெருவலிமை பயனற்றுப் போகிறது. காரணம், பற்றவைத்த இணைப்பில் அயர்ச்சிக் கீறல் தொடங்குவது தையலின் ஓரத்தில் உள்ள நுண்ணிய பள்ளங்களிலிருந்து. அந்தப் பள்ளங்கள் எல்லா எஃகிலும் உண்டு. எஃகு வலியதென்பதால் அவை ஆறுதலாக இருந்துவிடுவதில்லை. மேலும், மிக வலிய எஃகு கடல்நீரில் ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் ஆபத்தும் உண்டு. ஆகவே இங்கே தேர்வது, ராக்கெட் எஃகின் வலிமையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே கொண்ட, ஆனால் கரிமமும் கந்தகமும் குறைந்த, இணக்கமான எஃகு. சுவரின் தடிமனோ 8 மில்லிமீட்டர் அன்று, பல சென்டிமீட்டர்.

பற்றவைப்பும் மாறுகிறது. தகட்டை உருளையாக வளைத்து நீளவாக்கில் மூடும் தையலுக்கு, 1965இல் ராக்கெட் உறையை ஏமாற்றிய அதே மூழ்கு வில் முறைதான் இங்கே முதன்மையானது. தடித்த, இணக்கமான எஃகில் அதன் வேகம் குற்றமில்லை, வரம். ஆனால் குழாய்கள் ஒன்றோடொன்று சாய்வாக முட்டும் கணுக்களில் எந்திரம் திரும்ப இடமிராது. அங்கே மனிதக் கை வேண்டும். உலர்த்திய மின்முனைகளோடு, எஃகை முன்கூட்டியே சூடாக்கிக்கொண்டு, கோணம் கணத்துக்குக் கணம் மாறும் விளிம்பைப் பின்தொடர்ந்து பற்றவைப்பாளர் செல்ல வேண்டும். முடிந்தவுடன் சோதிப்பதும் போதாது. ஹைட்ரஜனால் வரும் கீறல் தாமதமாகத் தோன்றும் என்பதால் நாள் கணக்கில் காத்திருந்து சோதிப்பது வழக்கம். கணுவில் தகடு அதன் தடிமன் வாக்கில் இழுபடுகிறது என்பதால் அங்கே மட்டும் அந்தத் திசையிலும் பிளவுபடாத தனித்தர எஃகு இடப்படுகிறது.

இவ்வளவு கவனம் எதற்கு என்பதற்கு வட கடலில் ஒரு விடை உண்டு. 1980 மார்ச் 27 மாலை, அலெக்சாண்டர் கீலன் என்ற நார்வே நாட்டு மிதவை மேடை புயலில் கவிழ்ந்தது. அதிலிருந்த 212 பேரில் 123 பேர் இறந்தனர். அதன் கால்களை இணைத்த குழாய்களில் ஒன்று, இரண்டரை மீட்டருக்குச் சற்று மிகுந்த விட்டமுள்ளது, முறிந்திருந்தது. முறிவின் ஊற்றைத் தேடியவர்கள் வந்து நின்ற இடம் குழாயின் முதன்மைத் தையல் அன்று. ஒலியுணர் கருவி ஒன்றைப் பொருத்துவதற்காகக் குழாயில் வைத்த சிறு தாங்கியைச் சுற்றியிருந்த 6 மில்லிமீட்டர்த் தையல். சுமை எதையும் தாங்காத உறுப்பு அது. ஆகவே எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அங்கே பிறந்த கீறல் அலை அலையாக வளர்ந்து பெருங்குழாயைச் சுற்றி ஓடியது.

1965உம் 1980உம் நேர் எதிரான முறிவுகள். முன்னது ஒரே ஏற்றத்தில் நேர்ந்தது. பின்னது பொறுமையாக வளர்ந்தது. இரண்டும் தொடங்கிய இடம் ஒன்றே: முக்கியமில்லை என்று கருதப்பட்ட ஒரு சிறு தையல்.

4

இனி நடுவில் உள்ளவர்களுக்கு வருவோம். பழவேற்காட்டுக் குப்பங்களுக்கு இந்த இரு குழாய்களும் எவ்வாறு அறிமுகம்? ராக்கெட் கிளம்பும் நாள்களில் குறிப்பிட்ட கடற்பகுதிக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். அன்றைய தொழில் போகும். காட்டுப்பள்ளியில் துறைமுகமும் தளமும் எழுந்தபோது காட்டுப்பள்ளிக் குப்பத்து மக்கள் தங்கள் இடத்தை விட்டுப் பெயர்ந்தனர். நிரந்தர வேலை கேட்டுப் பிறகு நெடுங்காலம் போராடினர். 2018இல் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. சுமார் 133 ஹெக்டேர் பரப்பிலிருந்து ஏறத்தாழ 2,472 ஹெக்டேர் வரை அதை விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. 2021 ஜனவரியில் நடக்கவிருந்த பொதுக்கேட்பு, எதிர்ப்புக்கும் பெருந்தொற்றுக்கும் இடையே தள்ளிவைக்கப்பட்டது.

குப்பத்தார் அஞ்சுவது எஃகுக்கு அன்று, மணலுக்கு. இந்தக் கரையில் மணல் ஆண்டின் மொத்தக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கடலுக்குள் நீட்டிய அலைதடுப்புச் சுவர் அதை மறித்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரியும். வடக்கே இருப்பது ஏரியையும் கடலையும் பிரிக்கும் ஒடுங்கிய மணல்திட்டும், இரண்டையும் இணைக்கும் முகத்துவாரமும். அந்த முகத்துவாரமே இந்த ஏரியின் தையல். அது தூர்ந்தால் ஏரியின் உப்பு மாறும், இறால் குஞ்சுகள் உள்ளே வாரா. மணல்திட்டு அறுந்தால் ஏரியென்று தனியாக ஒன்று இராது.

எஃகைத் தேர்ந்தவர்கள் எத்தனை கேள்விகளைக் கேட்டார்கள் என்று பார்த்தோம். எவ்வளவு காலம் நிற்க வேண்டும்? ஒரே அடியா, கோடி அசைவா? எந்த அளவுக் கீறலைப் பொறுக்கலாம்? யார், எப்போது, எதைக் கொண்டு சோதிப்பது? ஏரிக்கு ஒரு திட்டம் வரும்போதும் இதே கேள்விகள் இதே கறார்த்தன்மையோடு கேட்கப்பட வேண்டும் என்பதற்கு மேல் குப்பத்தார் எதையும் கோரவில்லை. அவ்வாறு கேட்கும் தகுதியும் அவர்களுக்கு உண்டு. பழவேற்காட்டு ஏரியில் கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களின் மீனவர்கள் தலைமுறைகளாகப் பாடு என்ற முறையைப் பேணி வருகின்றனர். எந்த நாளில் எந்த மீன்பிடி இடம் யாருக்கு என்பதைச் சீட்டுப் போட்டும் முறை வைத்தும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காமலும் ஏரி ஒரே நாளில் சலித்துப்போகாமலும் பார்த்துக்கொள்ளும் அந்த முறை, சுமையைப் பங்கிட்டு இணைப்பைக் காக்கும் அறிவேயன்றி வேறில்லை. அதிலும் குறைகள் உண்டு. பாடு உரிமை இல்லாத மற்றவர்களுக்கு அதில் இடமில்லை என்ற வழக்கு பழையது. குறையுள்ள தையலும் தையல்தான், சோதித்துச் செப்பனிட்டால்.

அந்தத் திட்டத்துக்கான பொதுக்கேட்பு என்றைக்குக் கூடினாலும், அறிக்கையின் பக்கங்களில் கப்பல் அணையும் மேடைகளின் நீளமும் சரக்கின் டன்களும் விரிவாக இருக்கும். நாம் முதலில் புரட்ட வேண்டியது முகத்துவாரத்தைப் பற்றிய பக்கத்தை. அது எத்தனை ஆண்டு மணல் நகர்வைக் கணக்கில் கொண்டிருக்கிறது, பிழைத்தால் யார் கவனிப்பது, எப்போது நிறுத்துவது என்று அதில் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுமை தாங்காத உறுப்பு என்று ஒதுக்கப்பட்ட சிறு தையல் என்ன செய்யும் என்பதை வட கடல் ஒருமுறை காட்டிவிட்டது.